அடுக்களைச் சுவரும் ஆட்ட நேரமும்

பொங்கல் பானையும் டெஸ்ட் ஆட்டமும் ஒரே நாளுக்காக மோதிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1960 ஜனவரியில் ஆஸ்திரேலிய அணி சென்னையில் ஆடிய ஆட்டம் தொடங்கி, 1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட்டுகளை வீழ்த்திய ஆட்டம் வரைக்கும், பல ஆண்டுகள் தைத்திருநாளை ஒட்டியே சென்னையில் டெஸ்ட் நடந்தது. மக்கள் அதற்குப் 'பொங்கல் டெஸ்ட்' என்றே பெயரிட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து ரயிலேறிச் சேப்பாக்கம் போனவர்கள் சிலர். போக இயலாமல் வீட்டிலிருந்தே ஆட்டத்தைப் பின்தொடர்ந்தவர்கள் மிகப் பலர்.

அந்த ஆட்டங்களின் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் ஒன்று விடாமல் பதிவாகியிருக்கின்றன. ஆனால் போகிக்குப் பழையன கழித்து, வீடு மெழுகி, கோலமிட்டு, மறுநாள் பானை வைத்து, அதற்கடுத்த நாள் மாட்டுப் பொங்கலும் கொண்டாடும் ஒரு குடும்பத்தில், ஐந்து நாள் ஆட்டத்தை உட்கார்ந்து பின்தொடரும் நேரம் ஒருவருக்கு எங்கிருந்து கிடைத்தது? அதை யார் கொடுத்தார்கள்? எதற்கு ஈடாகக் கொடுத்தார்கள்? இந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. நம் வீடுகளின் நினைவிலிருந்துதான் அதை எடுத்தெழுத வேண்டும்.

1975 ஜனவரி 11ஆம் நாள் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்சின் பந்துகளுக்கு மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பணிந்துகொண்டிருக்க, குண்டப்பா விசுவநாத் ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்கள் எடுத்தார். அணியின் மொத்த எண்ணிக்கை 190. இன்றுவரை பேசப்படும் அந்த ஆட்டத்தை நம் பக்கத்து வீடுகளில் யாரும் பார்க்கவில்லை; கேட்டார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள்தான் தொடங்கப்பட்டது.

கேட்பதற்கும் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை என்று தோன்றுகிறது. வானொலி காதை மட்டுமே கேட்கும். கையையும் கண்ணையும் விட்டுவிடும். கூடத்து அலமாரியின் மேலிருந்து ஒலித்த குரல் அடுக்களைச் சுவரைத் தாண்டிச் சென்றது. தேங்காய் துருவிக்கொண்டே, அரிசி களைந்துகொண்டே, அடுப்பை ஊதிக்கொண்டே எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள முடிந்தது. பின்னர் அப்துல் ஜப்பார், இராமமூர்த்தி, கூத்தபிரான் போன்றோர் தமிழிலேயே வர்ணனை செய்யத் தொடங்கியபோது, ஆங்கிலம் அறியாத பாட்டிமார்களும் ஆட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டதா என்று கூடத்திலிருந்தவர் வாயைத் திறக்கும் முன்பே அடுக்களையிலிருந்து விடை வந்த வீடுகளை நாம் அறிவோம். அக்காலத்தில் வீட்டில் நடந்த வழக்கெல்லாம் ஒலி அளவைப் பற்றியதுதான். மாமனார் உறங்குகிறார், பிள்ளைக்குத் தேர்வு இருக்கிறது, சற்றுக் குறைத்து வை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காதுக்கு எட்டியதால் ஆட்டம் பொதுச்சொத்தாக இருந்தது.

தொலைக்காட்சி வந்ததும் ஆட்டம் காதிலிருந்து கண்ணுக்கு மாறியது. கண் கூடத்தில் உட்காரச் சொன்னது. யார் உட்காரலாம், யார் நிற்கலாம், யார் கதவோரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்ற பிரிவினை அன்றுதான் பிறந்தது. வானொலிக் காலத்தில் இல்லாதிருந்த அடுக்களைச் சுவர் தொலைக்காட்சிக் காலத்தில் எழும்பிற்று என்று சொன்னால் மிகையாகாது.

தொடக்க ஆண்டுகளில் ஒரு தெருவுக்கு ஒன்றோ இரண்டோ பெட்டிகள். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தியாக வேண்டிய காலம் அது. செங்கல்பட்டு வீடுகளின் மொட்டை மாடிகளில் நீண்ட குழாய்களின் உச்சியில் ஆன்டெனாக்கள் சென்னையை நோக்கித் திரும்பி நின்றன. காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப, இன்னொருவர் சன்னலில் நின்று "இன்னும் கொஞ்சம்" என்று கூவ வேண்டும். அப்படிப்பட்ட ஒரு கூடத்தில்தான் 1983 ஜூன் 25ஆம் நாளின் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நம்மில் பலர் பார்த்தோம். பிற்பகலில் தொடங்கி நள்ளிரவை நெருங்கி முடிந்தது. 183 ஓட்டங்களுக்குள் சுருண்ட இந்திய அணியில் அதிகமாக எடுத்தவர் நம் சென்னை ஸ்ரீகாந்த், 38. மேற்கிந்தியர் 140இல் வீழ்ந்தபோது கூடம் அதிர்ந்தது.

அந்த இரவை நினைக்கும்போது கபில்தேவின் கையிலிருந்த கோப்பை நினைவுக்கு வருகிறது. அந்த வீட்டு அம்மாளின் முகம் நினைவுக்கு வருவதில்லை. தெருவே வந்து தரையை நிறைத்திருந்தது. வாசலில் செருப்புக் குவியல். வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்து, மோர் கரைத்து, தூங்கிவிழுந்த குழந்தைகளை ஓரமாகக் கிடத்தி, எல்லாரும் போன பிறகு கூடத்தைக் கூட்டியவர் அவர். எத்தனை பந்துகளை அவர் பார்த்திருப்பார்? அன்று நமக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை.

அதே நாட்களில் கடற்கரையில் காலம் வேறு விதமாக ஓடிக்கொண்டிருந்தது. இறுதி ஆட்டம் முடிந்து ஒரு வாரத்தில், ஜூலை 2ஆம் நாள், கல்பாக்கத்தின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. முறைப்பணி வீடுகளின் நேரத்தை மாற்றி எழுதியது. இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் உறங்க வேண்டும். பகல் ஆட்டத்தைப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் ஒலியை அடக்கிப் படத்தை மட்டும் பார்க்க வேண்டும். இங்கே விட்டுக்கொடுத்தது பிள்ளைகளின் முறை. மாமல்லபுரத்து மீனவக் குப்பங்களிலோ, விடியுமுன் கட்டுமரம் தள்ளுகிறவருக்கு இரவு ஆட்டம் என்பது உறக்கத்தைக் கொடுத்து வாங்கும் பண்டம். அவர் கரை திரும்பி ஓயும் பகலில், வீட்டுப் பெண் கூடையோடு மீன் விற்கப் போயிருப்பார். ஒரே கூரையின் கீழ் இருவரும் சேர்ந்து உட்காரும் நேரமே அரிது. சிற்பக் கூடங்களில் உளியோசைக்கு நடுவே வானொலிதான் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. கல்லில் கண் வைத்திருப்பவருக்குத் திரையில் கண் வைக்க இயலாதல்லவா?

ஒரே அலைவரிசை இருந்தவரை பூசல் இன்னும் பெரிதாகவில்லை. எதைப் பார்ப்பது என்ற கேள்வியை வீடு தீர்மானிக்கவில்லை, நிலையம் தீர்மானித்தது. அமெரிக்காவில் 1968 நவம்பர் 17ஆம் நாள் கால்பந்தாட்டம் ஒன்று முடியும் தறுவாயில், இரவு 7 மணி ஆயிற்று என்று ஒளிபரப்பு நிறுவனம் அதை வெட்டிவிட்டு 'ஹைடி' என்ற சிறுவர் படத்தைப் போட்டது. வெட்டிய பிறகு, கடைசி ஒரு நிமிடத்துக்குள் ஓக்லண்டு அணி இருமுறை புள்ளி குவித்து வென்றுவிட்டது. ஆட்டம் பார்த்தவர்களும் பிள்ளைகளுக்காகப் படத்தை எதிர்பார்த்தவர்களும் ஒரே பெட்டியின் முன் இருந்தார்கள் என்பதை அந்த நிறுவனம் அன்று விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. நம் வீடுகளிலும் அப்படித்தான். 1985 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை, மெல்போர்னில் இந்தியாவும் பாகிஸ்தானும் இறுதியாட்டம் ஆடின. அங்கே பகலிரவு ஆட்டம், இங்கே காலை நேரம். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கு மசாலா அரைக்கும் வேளை. 1987 ஜனவரி முதல் ஞாயிறு காலைகளில் இராமாயணத் தொடர் வந்தபோது மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வீடு முழுவதும் ஒன்றாக அமர்ந்தது. ஆட்டத்துக்கு அணையாத அடுப்பு இராமனுக்கு அணைந்தது. பக்தி என்று பெயர் சொன்னால் பெண்ணுக்கு உட்கார உரிமை உண்டு. பொழுதுபோக்கு என்று சொன்னால் இல்லை.

1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. கம்பிவடம் தெருத்தெருவாக வந்தது. 1995 பிப்ரவரி 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து. அவை அரசின் தனியுரிமை அல்ல என்று தீர்ப்புரைத்தது. முக்கிய ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று 2007இல் சட்டமே வந்தது. வானத்து அலைகள் யாருடையவை என்பதற்குத் தீர்ப்பு உண்டு. கூடத்துப் பெட்டியின் மாலை நேரம் யாருடையது என்பதற்கு நீதிமன்றம் கிடையாது. அந்த வழக்கு ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் முன்னிலையில் நாள்தோறும் விசாரணைக்கு வந்தது.

அந்த வழக்கில் ஆட்டத்தின் பக்கம் வைக்கப்பட்ட வாதம் பெரும்பாலும் ஒன்றே: "இன்றைக்கு மட்டும்." தொடர் நாள்தோறும் வரும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், ஆட்டம் போனால் வராது. 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' என்று மாலையும் இரவும் தொடர்கள் நிறைந்த அந்த ஆண்டுகளில் இந்த வாதம் எத்தனை முறை வென்றது என்று எண்ணி மாளாது. தொடர் பார்ப்பவரின் நேரத்தை 'அழுகை' என்றும், ஆட்டம் பார்ப்பவரின் நேரத்தை 'மேட்ச்' என்றும் அழைத்தோம். பெயரிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. நாள் முழுதும் உழைத்தவர் தமக்கென எடுத்துக்கொண்ட ஒரே அரைமணி நேரம் அது என்பதை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

2008 ஏப்ரல் 18ஆம் நாள் இந்த வாதத்தின் காலில் கோடரி விழுந்தது. ஐ.பி.எல். ஆட்டங்கள் தொடங்கின. ஜூன் 1 வரை ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் ஆட்டம். அதுவும் தொடர்கள் ஓடும் அதே நேரத்தில். பொங்கல் டெஸ்ட் ஆண்டுக்கு ஐந்து நாள் கேட்டது. ஒருநாள் ஆட்டம் ஒரு நாளைக் கேட்டது. இதுவோ கோடை முழுவதையும் கேட்டது. "இன்றைக்கு மட்டும்" என்று இனி யார் சொல்ல முடியும்? நாள்தோறும் வருவதால் தொடர் தாழ்ந்தது என்றால், நாள்தோறும் வரும் ஆட்டம் எப்படி உயர்ந்ததாகும்? பல வீடுகளில் பெண்கள் இந்தக் கேள்வியை அப்போதுதான் வாய்விட்டுக் கேட்டார்கள். கேட்டதன் விளைவாகச் சில ஒப்பந்தங்களும் பிறந்தன. ஒன்பது மணி வரை ஆட்டம், பின்பு தொடர், அதன்பின் கடைசி ஓவர்கள். விளம்பர இடைவேளையில் அலைவரிசை மாறும். பாத்திரம் துலக்குவது ஆட்டம் பார்த்தவர் பொறுப்பு. செங்கல்பட்டில் நாமறிந்த ஒரு வீட்டில் இந்தக் கடைசி விதி காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது.

அந்த வழக்கை அரசும் தன்னையறியாமல் ஓரளவு தீர்த்துவைத்தது. 2006 முதல் 2011 வரை தமிழகத்தில் வழங்கப்பட்ட 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி, பெட்டியே இல்லாத வீட்டுக்கு முதற்பெட்டியானது. இருந்த வீட்டுக்கு இரண்டாம் பெட்டியானது. ஊராட்சித் தொலைக்காட்சியின் முன் ஆண்கள் கூட்டத்துக்குப் பின்னால் இரவில் நிற்கத் தயங்கிய பெண்களுக்கு அது ஒரு விடுதலை என்பதை மறுப்பதற்கில்லை. 2016க்குப் பின் இணையம் மலிவாகி, ஆளுக்கொரு கைபேசி வந்தபோது வழக்கு முற்றாகத் தள்ளுபடி ஆயிற்று. வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. ஆட்டம் ஓர் அறையில், தொடர் மற்றோர் அறையில். சண்டை ஓய்ந்தது, சண்டைக்காகவேனும் ஒரே கூடத்தில் கூடியிருந்த பழக்கமும் அதோடு ஓய்ந்தது.

இதைச் சொல்லிப் பழைய கூடத்துக்காக ஏங்குவது நம் நோக்கமன்று. அந்தக் கூடம் எல்லாருக்கும் பொதுவானதாக இருக்கவில்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிவந்தோம். ஆயினும் கைபேசி ஒன்றைச் செய்தது. அடுக்களை மேடையில் மிளகாய்த்தூள் டப்பாவின் மேல் சாய்த்து வைக்கப்பட்ட அந்தச் சிறு திரை, வானொலிக்குப் பின் முதன்முறையாக ஆட்டத்தை அடுப்பருகே கொண்டுவந்தது.

2022இல் மாமல்லபுரத்தையொட்டிய பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது அதை நேரில் கண்டோம். பெரும்பாலான சுற்றுகள் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கின. மதியப் பாத்திரங்கள் கவிழ்க்கப்பட்டு, மாலைக் காப்பிக்கு இன்னும் நேரமிருக்கும் பொழுது. வீட்டில் பெண்ணுக்கு உரிய ஒரே இடைவெளி. யாரிடமும் கேட்டுப் பெற வேண்டாத நேரம். நிறைமாதக் கருவோடு துரோணவல்லி ஹரிகா பலகையின் முன் அமர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "எழுந்து நடக்கவாவது விடுகிறார்களா?" என்று கேட்ட அத்தைக்கு யானைக்கும் குதிரைக்கும் நகர்வு தெரியாது. ஆனால் அந்தப் பெண்கள் அணி வெண்கலம் வெல்லும்வரை அவர் ஒரு நாளும் தவறவில்லை.

2025 நவம்பர் 2, ஞாயிறு. பெண்கள் உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இந்தியா தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்றபோது நள்ளிரவு. அன்று நம் வீட்டுக் கூடத்துப் பெரிய திரையின் நேர் எதிரே, நெடுங்காலம் வீட்டு ஆண்களுக்கென்றே இருந்த நாற்காலியில், அத்தைதான் அமர்ந்திருந்தார். இரவுச் சாப்பாட்டுத் தட்டுகள் தொட்டியில் அப்படியே கிடந்தன. "யார் துலக்குவது?" என்று அவர் திரும்பாமலேயே கேட்டார். 1983இல் அந்த வீட்டு அம்மாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாம் எழுந்து அடுக்களைக்குப் போனோம். கடைசி விக்கெட் விழுந்த கூச்சல் குழாய்த் தண்ணீரின் ஓசைக்கு நடுவே சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது.