கண்ணாடி விலகியபோது

1950 ஏப்ரலில் ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸான் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணர் மறைந்த 14ஆம் தேதி இரவு, வானத்தில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னால் போனதாகவும், கடிகாரத்தைப் பார்த்தால் 8:47 என்றும் சொல்லியிருக்கிறார். உலகின் பெரிய புகைப்படக்காரர் கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறார்! ஆனால் அந்த நாட்களின் ஆசிரமப் படங்கள் அவர் எடுத்தவை நமக்குக் கிடைத்தன. லைக்காவும் 50 மி.மீ. லென்ஸும்தான் அவருடைய வழக்கம். லைக்காவின் 'எம்' வகை வந்தது 1954இல். ஆகவே அன்று கையில் இருந்தது 39 மி.மீ. மரை வைத்துத் திருகி மாட்டுகிற பழைய வகை.

அந்த லென்ஸெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. என்னிடம் இருப்பது அதே மரை கொண்ட சோவியத் ஜூபிட்டர்-8. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்து 'சொன்னார்' வடிவமைப்பை எடுத்துக்கொண்டு செய்தது. எண் 58 என்று தொடங்குகிறது, அதாவது 1958இல் பிறந்தது.

இதை முதலில் கேனான் டிஎஸ்எல்ஆரில் மாட்டத்தான் ஆசைப்பட்டேன். முடியாது. பழைய லைக்கா லென்ஸ் ஃபிலிமிலிருந்து 28.8 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். கேனான் இஎஃப் கேமராவில் அந்த இடைவெளி 44 மி.மீ., ஏனென்றால் நடுவில் ஒரு கண்ணாடி ஏறி இறங்க வேண்டும். 15 மி.மீ. முன்னால் தள்ளி நின்றால் என்ன ஆகும்? ஒரு சாண் தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளியும். அகல்விளக்கை எடுக்கலாம். அண்ணாமலையை எடுக்கவே முடியாது, அது என்றைக்கும் சாம்பல் புகைதான்.

1959இல் வந்த நிக்கான் எஃப்புக்குப் பிறகு ஐம்பது வருஷம் அந்தக் கண்ணாடி ராஜ்ஜியம். 2008இல் பானசோனிக் ஜி1 அதைத் தூக்கி எறிந்தது. 2010இல் சோனி நெக்ஸ் இடைவெளியை 18 மி.மீ. ஆக்கியது. மிச்சம் 10.8 மி.மீ. அதற்கு ஒரு உலோக வளையம் போதும், உள்ளே லென்ஸ் எதுவும் வேண்டாம். புதுசு வந்து பழசை அழிக்கும் என்போம். இங்கே புதுசு வந்துதான் பழசுக்கு உயிர் வந்தது.

ஆனால் வளையத்தில் மின்தொடர்பு கிடையாது. ஆட்டோஃபோகஸ் இல்லை, அப்பர்ச்சரையும் கையால்தான் திருப்ப வேண்டும். அதனால்தான் லென்ஸ் மேல் பொறித்த தூர அளவுகோலைப் படிக்கவே கத்துக்கிட்டேன். முழுச் சட்ட சென்சாரில் எஃப்/8, ஐந்து மீட்டர் என்று வைத்தால், சுமார் மூன்றரை மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டர் வரை எல்லாம் தெளிவு. அப்புறம் ஃபோகஸ் பற்றி யோசிக்கவே வேண்டாம், மனிதர்களைப் பார்த்தால் போதும். பிரெஸ்ஸான் தலைமுறை தெருவில் வேகமாக எடுத்ததில் இதற்கும் பங்குண்டு.

போன பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடையில் நின்றேன்.

"என்னண்ணா, கையாலயே திருகுறீங்க, ஆட்டோ இல்லயா?"

"இது அறுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பழசுண்ணே."

"அப்ப மலைய எடுங்க பாப்போம்."

வளையத்தை முடிவிலிக்குத் திருப்பினேன்.