காற்றே ஸ்பிரிங்!

பழைய ஸ்பீக்கர் ஒண்ணு கையில் மாட்டினா நம்மாளுங்க முதல்ல தேடுறது ஸ்க்ரூ டிரைவரை. அந்தப் பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கை வைக்கணும்கிறது என் கட்சி. இதுக்கு அமெரிக்காவின் ஏஆர் ஸ்பீக்கர்களை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1950களின் தொடக்கம் வரைக்கும் ஆழமான பேஸ் வேணும்னா பீரோ சைஸில் பெட்டி வேணும். கூம்பைப் பிடிச்சிருக்கிற விளிம்பு விறைப்பா இருக்கும். அந்த விறைப்பு சீரா இல்லாததால் கீழ்ச்சுரங்கள் சிதையும். எட்கர் வில்ச்சர் கூம்பைத் தளர்வா விட்டு, பெட்டியைக் காற்றுப் போகாமல் மூடிட்டார். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்! துணி, ரப்பரை விட அது சீராத் திருப்பித் தள்ளும். 1954ல் ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் கம்பெனி தொடங்கினார். முதல் மாடல் ஏஆர்-1 சுமார் 25 அங்குல நீளம்தான். 1958ல் 12 அங்குல ஊஃபரும் ரெண்டு குவிமாட ஸ்பீக்கர்களுமா ஏஆர்-3 வந்தது.

சரி, ரிப்பேருக்கு வருவோம். காற்றுதான் ஸ்பிரிங்னா, ஓட்டை விழுந்தா ஸ்பிரிங் போச்சு. பின்னால் வந்த ஊஃபர்களின் ஃபோம் விளிம்பு வருஷக்கணக்கில் பொடிப்பொடியா உதிரும். முந்தைய துணி விளிம்பில் பூசின பூச்சு காய்ஞ்சு காற்று கசியும். சோதனை சுலபம்: ஊஃபரை மெதுவா உள்ளே அழுத்தி விடுங்க. நிதானமாத் திரும்பி வந்தா நல்லது. படக்குன்னு வந்தா எங்கேயோ கசிவு இருக்கு. ட்வீட்டர் பாடலைன்னா உடனே அதுக்குச் சங்கு ஊதிடாதீங்க. பின்பக்கத் திருகு கட்டுப்பாடு பச்சைப் பூத்திருக்கலாம். கெபாசிட்டர்களை அளந்து பார்த்து மாத்தலாம். உள்ளே அடைச்ச பஞ்சை மட்டும் எடை குறையாமல் அப்படியே திரும்ப வைக்கணும். அளவு மாறினா பேஸும் மாறும்.

அடுத்து, சரியா வந்திருக்கான்னு எப்படி முடிவு பண்றது? இதுக்கும் ஏஆர்காரங்களே வழி காட்டியிருக்காங்க. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட்டை மேடையில் வாசிக்க விட்டு, நடுவில் சத்தமில்லாமல் ஏஆர்-3க்கு மாத்துவாங்க. கலைஞர்கள் வில்லைச் சும்மா அசைப்பாங்க. எங்கே மாறுச்சுன்னு கேட்டவங்களில் பலருக்குப் பிடிபடலை. பக்கத்தில் வச்சு ஒப்பிடு, ஞாபகத்தை நம்பாதே என்பதுதான் இதில் நமக்குப் பாடம். அதனால் ரெண்டு பெட்டிக்கும் ஒரே மோனோ பதிவைக் கொடுத்து, ஒலியளவைச் சமமாக்கி, மாத்தி மாத்திக் கேளுங்க. சமமாக்காமல் விட்டா சத்தமானதுதான் ஜெயிக்கும்.

ஏஆரின் மேல்சுரங்கள் அடக்கமா இருக்கும். பளிச்சுன்னு கேட்கணும்னு புது ட்வீட்டர் மாட்டுறவங்க உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கலாம். ஆனா அது பாட்டி நகையை உருக்கிப் புது டிசைனில் செஞ்சுட்டு, பாட்டி நகைன்னு போட்டுக்கிற கதை. அந்தக் காலத்து ஜனங்க வீட்டில் என்ன கேட்டாங்கன்னு சொல்ல மிச்சமிருக்கிற சாட்சி இந்தப் பெட்டிகள்தான். சாட்சியின் வாயில் நம்ம வார்த்தையைத் திணிக்கலாமா?

வில்ச்சர் 1967ல் கம்பெனியை வித்துட்டு, காது கேட்கும் கருவி ஆராய்ச்சிக்குப் போனார். 2011ல் காலமானார். ஸ்பீக்கரில் தொடங்கி காதில் முடிச்ச மனுஷன்!

உங்க வீட்டுப் பரணில் ஏதாவது பெட்டி தூங்குதா? முதல்ல அழுத்திப் பாருங்க. ஸ்க்ரூ டிரைவர் அப்புறம்.