அருளுக்குப் பிறகும் நாற்பது வருஷம்

'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டன், 1748 மார்ச்சில் அட்லாண்டிக் புயலில் மனந்திரும்பினார், உடனே அடிமை வியாபாரத்தை விட்டார் என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். வரலாறு வேறு. மனந்திரும்பிய பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனானார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். மேல்தளத்தில் ஜெபம், கீழ்த்தளத்தில் விலங்கிட்ட ஆப்பிரிக்கர்கள். கடலை விட்டதும் உடம்பு சரியில்லாமல் போனதால்தான். பாடல் 1772 இறுதியில் எழுதப்பட்டது. அந்த வியாபாரத்தைக் கண்டித்து அவர் எழுதிய பிரசுரம் வந்ததோ 1788இல்.

அவரைப் போலி என்று சொல்லிவிட்டுப் போகலாம், எனக்குச் சம்மதமில்லை. தான் பாவி என்று அவர் நிஜமாகவே நம்பினார். ஆனால் அந்தப் பாவக் கணக்கில் தெய்வதூஷணம் இருந்தது, சட்டம் அனுமதித்த தொழில் இல்லை. எது தவறு என்பதைச் சமூகம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தது. அருளும் அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது. மன்னிப்பு என்பது கடவுளுக்கும் பாவிக்கும் நடுவிலான பேச்சாகவே இருந்தால், பாதிக்கப்பட்டவர் எங்கே நிற்பது?

1788இல்தான் நியூட்டன், தான் கண்டதையும் செய்ததையும் ஊரறியச் சொன்னார். அருள் கீழ்த்தளத்துக்கு இறங்கியது அப்போதுதான் என்று நான் வாசிக்கிறேன். அவர் விற்றவர்களுக்கு அதனால் விடுதலை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.