தீஜ் பாடல்களும் சொத்துச் சட்டமும்: நேபாளப் பெண்களின் ஒரு நூற்றாண்டு

நேபாளத்தின் இந்துப் பண்டிகைகளையும் அங்குள்ள பெண்களின் நிலையையும் சேர்த்துப் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றைச் சென்றடைகின்றன. விரதங்களும் பூசைகளும் பெண்ணை அடக்கிவைக்கும் கருவிகள் என்பது ஒன்று. அவை பெண்ணைச் சக்தியாகப் போற்றும் மரபின் அடையாளங்கள் என்பது மற்றொன்று. இரு தரப்பினருக்கும் தத்தம் சான்றுகள் உண்டு. ஆனால், அந்தப் பண்டிகைகளுக்குள் நின்றுகொண்டு பெண்கள் என்ன பேசினார்கள், என்ன பாடினார்கள் என்ற கேள்வியை இரு தரப்பும் கடந்து சென்றுவிடுகின்றன. கணவனின் நலனுக்காக நோற்கப்படும் தீஜ் விரதம், கணவன் வீட்டின் மீதான குறைகளை ஊரறியப் பாடும் மேடையாகவும் இருந்து வந்துள்ளது. அந்த மேடையில் எழுந்த கோரிக்கைகள் பல, பின்னர் சட்டமன்றத்தையும் நீதிமன்றத்தையும் எட்டின. இந்தப் பயணம் நேபாளச் சமூக வரலாற்றின் முக்கியமான பகுதியாகும்.

தீஜ், பாத்ரபத மாத வளர்பிறைத் திரிதியையில் வருகிறது. பெரும்பாலும் விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள். கருநாடகத்தில் கௌரி பண்டிகை கொண்டாடப்படுவதும் இதே நாளில்தான். முதல் நாள் இரவு ‘தர்’ எனப்படும் விருந்து. மறுநாள் நீர்கூட அருந்தாத நோன்பு. சிவப்புச் சேலையும் மணிமாலையும் அணிந்த பெண்கள் காத்மாண்டுவில் பசுபதிநாதர் கோயிலிலும், மற்ற ஊர்களில் அருகிலுள்ள சிவாலயங்களிலும் வழிபட்டு, பாடி ஆடுகிறார்கள். பஞ்சமி திதியில் வரும் ரிஷி பஞ்சமி நீராடலோடு இந்த வரிசை நிறைவுபெறுகிறது.

இந்த விரதத்தின் மூலக்கதையே இரு வகையான வாசிப்புகளுக்கு இடம் தருகிறது. பார்வதி கடுந்தவம் இயற்றிச் சிவனைக் கணவனாக அடைந்தாள் என்பது எல்லோரும் அறிந்த பகுதி. ‘ஹரிதாலிகா’ என்ற பெயர் கதையின் இன்னொரு பகுதியிலிருந்து பிறக்கிறது. இமவான் தன் மகளைத் திருமாலுக்கு மணமுடிக்க இசைகிறான். மகளுக்கு அதில் விருப்பமில்லை. தோழியர் அவளைக் காட்டுக்குக் கவர்ந்து சென்று மறைத்துவைக்கிறார்கள். ‘ஹரித’ என்பது கவர்தலையும், ‘ஆலிகா’ என்பது தோழியையும் குறிக்கும். தந்தை பார்த்த மாப்பிள்ளையை மறுத்த மகளும், அவளுக்குத் துணைநின்ற தோழியருமே இந்த விரதத்துக்குப் பெயரைத் தந்திருக்கிறார்கள். புரோகிதர் படிக்கும் கதையில் பதிபக்தி முன்னிற்கிறது. ஆனால் பண்டிகையின் நடைமுறை, தோழியர் ஒன்றுகூடலைச் சுற்றியே அமைந்துள்ளது.

இதைப் புரிந்துகொள்ள லின் பென்னட் 1983இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் உதவுகிறது. நேபாள மலைப்பகுதியின் உயர்சாதி இந்துக் குடும்பங்களை ஆராய்ந்த அவர், ஒரே பெண் இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக மதிக்கப்படுவதைச் சுட்டிக்காட்டினார். பிறந்தகத்தில் அவள் வணங்கத்தக்க மகள், சகோதரி. தந்தையும் தமையனும் அவள் காலைத் தொட்டு வணங்குவதுண்டு. புகுந்தகத்தில் அவளே ஐயத்துக்குரிய மருமகள். கணவனைக் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரித்துவிடக்கூடியவள் என்று அஞ்சப்படுபவள். தீஜ் நாளில் மணமான பெண் ‘மாயிதி’ எனப்படும் பிறந்தகத்துக்கு அழைத்துவரப்படுகிறாள். கணவனுக்காக நோற்கும் விரதத்தை அவள் கணவன் வீட்டிலிருந்து விலகி வந்து நோற்கிறாள். மாமியாரின் பார்வை படாத அந்த ஓரிரு நாள்களே பாடலுக்கு இடம் தந்தன.

இந்த இரண்டு வீடுகளின் தருக்கத்தை அரசு சட்டமாக எழுதியது 1854இல். ஜங் பகதூர் ராணா இயற்றிய முலுகி ஐன், நாட்டின் எல்லா மக்களையும் ஒரே சாதிப் படிநிலைக்குள் அடுக்கியது. யாரோடு உண்ணலாம், யாரை மணக்கலாம், மீறினால் என்ன தண்டனை என்பதெல்லாம் அதில் வகுக்கப்பட்டன. சதி என்னும் உடன்கட்டை ஏறும் வழக்கத்துக்கு அச்சட்டம் சில வரம்புகளை மட்டுமே விதித்தது. 1877இல் ஜங் பகதூர் இறந்தபோது அவருடைய மனைவியர் மூவர் அவரோடு எரியூட்டப்பட்டனர். பிரதமர் சந்திர சம்சேர் அவ்வழக்கத்தை முற்றாகத் தடைசெய்தது 1920இல்தான். போஜ்பூர்ப் பகுதியைச் சேர்ந்த துறவியும் கவிஞருமான யோகமாயா, சாதிக் கொடுமையையும் பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதியையும் எதிர்த்துப் பாடியவர். தர்ம ஆட்சி வேண்டும் என்ற அவருடைய கோரிக்கையை ராணா அரசு ஏற்கவில்லை. 1941இல் அவர் அறுபதுக்கும் மேற்பட்ட சீடர்களோடு அருண் ஆற்றில் இறங்கி உயிர்துறந்தார். அவர் தம் எதிர்ப்பைச் சமயத்தின் மொழியிலேயே முன்வைத்தார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

தீஜ் பாடல்களும் அவ்வகையில் சேர்பவையே. டெப்ரா ஸ்கின்னர், டோரதி ஹாலண்ட், ஜி. பி. அதிகாரி ஆகியோர் மத்திய நேபாள மலைக்கிராமம் ஒன்றில் 1980களின் நடுப்பகுதியிலும் 1990–91ஆம் ஆண்டுகளிலும் இப்பாடல்களைத் தொகுத்தனர். பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பெண்கள் குழுக்களாகக் கூடி, அவ்வாண்டுக்கென்று புதிய பாடல்களைக் கட்டிப் பயிற்சி செய்வார்கள். பொருள் அடிப்படையில் இவற்றில் இரு வகைகள் முக்கியமானவை. ஒன்று ‘துக்க’ப் பாடல்: மாமியாரின் கடுஞ்சொல், குடிகாரக் கணவன், வீட்டுக்கு வந்த சக்களத்தி, பள்ளிக்கு அனுப்பப்படாத சிறுமி, அண்ணன் தம்பிக்கு மட்டும் பங்கிடப்பட்ட நிலம். மற்றொன்று ‘ராஜநீதி’ப் பாடல். 1990 மக்கள் இயக்கம் பஞ்சாயத்து ஆட்சியை வீழ்த்தியபின் இவ்வகை பெருகியது. வீட்டுக்குள் நடக்கும் பாகுபாட்டையும் நாட்டில் நடக்கும் ஒடுக்குமுறையையும் ஒரே பாடலில் இணைத்துப் பேசும் துணிவு அப்போது பெண்களுக்கு வந்தது.

1952–54 காலக் கணக்கெடுப்பின்படி நேபாளப் பெண்களின் எழுத்தறிவு 0.7 விழுக்காடு மட்டுமே. மனு எழுதவும் செய்தித்தாளில் கருத்துச் சொல்லவும் வழியற்றிருந்த தலைமுறைகளுக்குப் பாடலே பொதுவெளியாக இருந்தது. ஆகவே இவற்றை நாட்டார் இலக்கியம் என்ற பெட்டிக்குள் மட்டும் வைத்துப் பார்ப்பது போதாது. எழுத்தறிவற்ற பெண்களின் அரசியல் கருத்தை அறிவதற்குக் கிடைத்துள்ள மிகச் சில மூலங்களில் இவை அடங்கும்.

பாடல்களில் ஒலித்த நிலப் பங்கு விவகாரம் சட்டத்தில் நகர்ந்த வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1963இல் மன்னர் மகேந்திரரின் காலத்தில் வந்த புதிய முலுகி ஐன், சாதியை அடிப்படையாகக் கொண்ட தண்டனைகளைக் கைவிட்டது. ஆனால் மகளைப் பரம்பரைச் சொத்தின் பங்காளியாக ஏற்கவில்லை. 1975ஆம் ஆண்டுத் திருத்தம், 35 வயதுவரை மணமாகாதிருக்கும் மகளுக்கு மட்டும் பங்கு தந்தது. 1990 அரசியலமைப்பு சமத்துவத்தை உறுதியளித்தபின், வழக்கறிஞர் மீரா துங்கானா இவ்விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1995இல் நீதிமன்றம் விதியை நேரடியாக நீக்காமல், ஓராண்டுக்குள் உரிய மசோதாவைக் கொண்டுவருமாறு அரசுக்கு ஆணையிட்டது. அது சட்டமாக 2002 ஆயிற்று. அப்போதும் மகள் பிறப்பால் பங்கு பெறலாம், மணமானால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. 2006ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. 2015 அரசியலமைப்பும், 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய குடிமைச் சட்டத் தொகுப்பும் மகனையும் மகளையும் சமமான பங்காளிகளாக ஏற்றுள்ளன.

இந்த நீண்ட இழுபறியின் காரணம் பண்டிகை நாட்காட்டியிலேயே தெரிகிறது. தீஜுக்கு அழைத்து விருந்திடுவது, தசைனுக்குத் திலகமிடுவது, திஹாரின் ஐந்தாம் நாளான பாய் டீகாவன்று சகோதரிக்குப் பரிசளிப்பது ஆகிய கடமைகள் சகோதரனுடையவை. பாய் டீகாவில் சகோதரி ஏழு வண்ணத் திலகமிட்டு, எண்ணெயால் காப்பு வட்டமிட்டு, சகோதரனின் நீண்ட ஆயுளுக்காக எமனை வேண்டுகிறாள். நிலம் சகோதரனுக்கு, அன்பும் விருந்தும் சகோதரிக்கு என்ற உடன்பாடு இச்சடங்குகளின் அடியில் இருந்தது. மகள் பங்கு கேட்டால் இந்த உறவு முறிந்துவிடும் என்ற அச்சம் சொத்துரிமை விவாதத்தில் மீண்டும் மீண்டும் எழுந்தது. இன்றும் சட்டப்படியான பங்கைக் கேட்கத் தயங்கும் பெண்களிடம் அந்த அச்சம் செயல்படுகிறது. பிறந்தகத்தின் கதவு அடைபடுமானால், துயரம் சொல்ல வேறு இடம் அவர்களுக்கு இல்லை.

சொத்துச் சட்டத்தைக் காட்டிலும் கடினமான களம் தீட்டு. ரிஷி பஞ்சமி நோன்பு, மாதவிடாய்க் காலத்தில் அறிந்தோ அறியாமலோ நேர்ந்த தீட்டுப் பிழைகளைப் போக்குவதற்கென்று விதிக்கப்பட்டது. பெண்கள் 365 நாயுருவிக் குச்சிகளால் பல் துலக்கி, செம்மண் பூசி நீராடி, ஏழு முனிவர்களையும் அருந்ததியையும் வழிபடுகிறார்கள். தீஜ் நாளில் துக்கத்தைப் பாடிய அதே பெண், இரண்டு நாள் கழித்துத் தன் உடலின் இயல்புக்காகப் பரிகாரம் செய்கிறாள். இதே கருத்தின் கொடிய வடிவம் தொலைமேற்கு மாவட்டங்களின் சௌபடி வழக்கம். மாதவிடாய் நாள்களில் பெண்கள் வீட்டுக்கு வெளியே குடிசையிலோ தொழுவத்திலோ தங்கவைக்கப்படுகிறார்கள். குளிராலும் புகையாலும் பாம்புக் கடியாலும் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. 2005இல் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கத்துக்கு எதிராக ஆணையிட்டது. 2017இல் இயற்றப்பட்ட குற்றவியல் சட்டத் தொகுப்பு, மூன்று மாதம்வரை சிறையோ 3,000 ரூபாய்வரை அபராதமோ விதித்தது. குடிசைகள் இடிக்கப்பட்ட பின்னரும் சில ஊர்களில் அவை மீண்டும் எழுந்தன. தெய்வக் குற்றம் வந்துவிடும் என்று பெண்களே அஞ்சும் இடத்தில், சட்டம் தனித்து நின்று செய்யக்கூடியது குறைவு.

தீஜின் சிவப்பு நிறத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கணவனை இழந்தவளுக்குச் சிவப்பும் திலகமும் மறுக்கப்பட்டிருந்தன. 1990களிலிருந்து கைம்பெண்களின் அமைப்புகள் ‘விதவை’ என்ற சொல்லை விலக்கி, ‘ஏகல் மகிளா’, அதாவது தனித்து வாழும் பெண், என்ற பெயரை ஏற்று, சிவப்பு உடுத்தும் உரிமைக்காக இயங்கின. 2009ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், கைம்பெண்ணை மணப்பவருக்கு 50,000 ரூபாய் தரப்படும் என அரசு அறிவித்தபோது, தங்களை விலைப்பொருளாக்குவதாகக் கூறி அவர்களே தெருவில் இறங்கினர். 2015இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வித்யா தேவி பண்டாரி கணவரை இழந்தவர். நாட்டின் தலைவர் என்ற முறையில் அவர் தசைன் நாளில் மக்களுக்குத் திலகமிட்டு ஆசி வழங்கியது, சடங்கு வழக்கில் ஏற்பட்ட முக்கியமான மாற்றமாகும்.

மேற்சொன்னவை அனைத்தும் முதன்மையாக மலைப்பகுதியின் பார்ப்பன, சேத்ரிக் குடும்பங்களின் வரலாறு. தலித் பெண்ணுக்குத் தீட்டு என்பது மாதத்தில் சில நாள்களோடு முடிவதில்லை. மகர், ராய் போன்ற சமூகங்களில் மணமுறிவும் மறுமணமும் வணிகமும் பெண்களுக்கு ஒப்பீட்டளவில் எளிதாக இருந்ததை 1980ஐ ஒட்டித் திரிபுவன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘நேபாளத்தில் பெண்களின் நிலை’ ஆய்வு வரிசை பதிவுசெய்தது. உயர்சாதிக் குடும்ப ஒழுங்கையே அளவுகோலாக்கிய சட்டம், இச்சமூகங்களின் பெண்களுக்கு எப்போதும் முன்னேற்றமாக அமைந்ததில்லை. தீஜைத் தேசியப் பண்டிகை போலக் காட்டும் வழக்கத்தை இச்சமூகங்களைச் சேர்ந்தவர்கள் விமர்சிப்பதன் பின்னணி இதுவே.

அரசியல் பங்கேற்பில் மாற்றம் கண்கூடானது. 1959இல் பி. பி. கொய்ராலாவின் அமைச்சரவையில் இடம்பெற்ற துவாரிகா தேவி டகுரானி முதல் பெண் அமைச்சர். 2015 அரசியலமைப்பு நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு உறுதிசெய்கிறது. ஆயினும் 2017 பொதுத் தேர்தலில் நேரடித் தொகுதிகள் 165இல் வென்ற பெண்கள் 6 பேர் மட்டுமே. எஞ்சிய இடங்களைக் கட்சிப் பட்டியல்களே நிரப்பின. உள்ளாட்சிகளில் பெண்கள் பெருமளவில் துணைத் தலைவர்களாயினர். தலைமைப் பதவி ஆண்களிடமே தங்கியது.

குடியுரிமை விதிகளில் பழைய தருக்கம் இன்னும் வெளிப்படையாக வாழ்கிறது. வெளிநாட்டுப் பெண்ணை மணந்த நேபாள ஆணின் பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை உண்டு. வெளிநாட்டு ஆணை மணந்த நேபாளப் பெண்ணின் பிள்ளைக்கு, அரசின் விருப்பத்துக்கு உட்பட்ட அங்கீகாரக் குடியுரிமையே வாய்க்கும். எல்லை கடந்து மண உறவு கொள்ளும் மாதேசிக் குடும்பங்களில் இதன் பாதிப்பு அதிகம். கன்னிகாதானத்தில் தாரை வார்க்கப்பட்ட மகள் மற்றொரு குலத்தவள் என்ற சடங்குக் கருத்தே இங்கு சட்டத்தின் பெயரில் நிற்கிறது. பரம்பரைச் சொத்தில் சமமானவளாகிவிட்ட மகள், நாட்டுரிமையைத் தன் பிள்ளைக்கு அளிப்பதில் சமமானவளாகவில்லை.

2021 கணக்கெடுப்பில் பெண்களின் எழுத்தறிவு 69.4 விழுக்காட்டை எட்டியது. தீஜும் மாறிவிட்டது. நகரங்களில் ‘தர்’ விருந்துகள் பல வாரங்களுக்கு முன்பே தொடங்குகின்றன. நகையும் உடையும் போட்டிப் பொருளாகின்றன. ஒலிப்பதிவு நிறுவனங்களும் காணொளித் தளங்களும் ஆண்டுதோறும் வெளியிடும் பாடல்களில் கேளிக்கையே மேலோங்குகிறது. இதை வீழ்ச்சி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. துயரத்தைச் சொல்ல நீதிமன்றமும் கட்சிக் கூட்டமும் கைபேசியும் கிடைத்தவர்களுக்குப் பண்டிகை வெறும் மகிழ்ச்சிக்குரியதாக இருக்கலாம். அவை இன்னும் எட்டாத மலைக்கிராமப் பெண்களுக்கும், கணவர்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் உழைக்க நிலத்தையும் குடும்பத்தையும் தனியே சுமப்பவர்களுக்கும், பாட வேண்டியவை மிச்சமிருக்கின்றன. அவர்கள் இப்போது கட்டும் பாடல்களைத் தொகுக்கும் பணி ஒலிப்பதிவுச் சந்தையிடம் மட்டும் விடப்படக்கூடாது. 1990களின் பாடல்கள் கையெழுத்தேடுகளில் எழுதிவைக்கப்பட்டதால்தான் அடுத்த தலைமுறை அவற்றைச் சட்ட வரலாற்றோடு ஒப்பிட முடிகிறது.