ஈரலுக்குக் குருதி சுமந்து வரும் செய்தி

உடலில் குருதி பிறக்கும் இடம் ஈரலே என்று பண்டை மருத்துவர்கள் கருதினர். அரபியர் ஜாலீனூஸ் என்றழைத்த கிரேக்க மருத்துவர் காலென் வகுத்த இக்கொள்கையை, 11-ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா தமது ‘அல்-கானூன் ஃபித் திப்’ நூலில் ஏற்று விரித்துரைத்தார். இதயம், மூளை ஆகியவற்றோடு ஈரலையும் தலைமை உறுப்பாக யூனானி ஹகீம்கள் மதித்து வந்ததன் அடிப்படை இதுவே. வளர்ந்த மனிதரின் குருதி எலும்பு மஜ்ஜையில் உண்டாகிறது என்று பிற்கால அறிவியல் திருத்தியது. ஆயினும் ஈரலுக்கும் குருதிக்கும் இடையே வேறோர் உறவு உண்டென்பதை 20-ஆம் நூற்றாண்டு கண்டறிந்தது.

1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றிப் பார்த்தனர். ஏறத்தாழ பத்து நாள்களுக்குள் ஈரல் தன் பழைய எடையை எட்டியது. தஞ்சை மண்ணில் அறுவடைக்குப் பின் தாளடியிலிருந்து மறுதாம்பு துளிர்ப்பதை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வெட்டிய மடல் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய மடல்களே பருத்து, இழந்த அளவை ஈடுசெய்கின்றன. உரிய அளவை அடைந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

இவ்வளர்ச்சிக்கு ஆணையிடுவது எது? 1967-இல் மூல்ட்டன், நான்சி புக்கர் ஆகியோர் இரண்டு எலிகளின் குருதியோட்டத்தை ஒன்றோடொன்று இணைத்தனர். ஒன்றின் ஈரல் குறைக்கப்பட்டிருந்தது. மற்றதன் ஈரல் முழுமையாக இருந்தது. முழு ஈரலின் உயிரணுக்களும் பெருகத் தலைப்பட்டன. ஆகவே செய்தி குருதி வழியே வருகிறது என்பது தெளிவாயிற்று. அச்செய்தியைச் சுமக்கும் புரதங்களுள் தலையாயதை 1984-இல் ஜப்பானிய அறிஞர் தோஷிகாசு நக்காமுரா எலியின் குருதி நீரில் இனங்கண்டார். ஈரல் உயிரணு வளர்ச்சிக் காரணி எனப்படும் அதன் மரபணு அமைப்பு 1989-இல் வெளியாயிற்று. ஈரலின் துணை உயிரணுக்களிலிருந்து சுரக்கும் இக்காரணி, செயலற்ற வடிவில் சேமிக்கப்பட்டு, ஈரல் சேதமுற்றதும் விழிப்படைகிறது. இன்டர்லூக்கின்-6 போன்றவை உயிரணுக்களை ஆயத்தப்படுத்துகின்றன. டிஜிஎஃப் பீட்டா என்னும் காரணி பெருக்கத்திற்குக் கடிவாளமிடுகிறது.

அப்படியாயின் இக்காரணியையே மருந்தாகச் செலுத்தினால் என்ன? அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஈரலை வளர்க்கும் அதே சமிக்ஞை, புற்றுக்கும் உரமாகக் கூடும் என்பது பெருந்தடை. எனவே மருத்துவர்கள் வேறு வழி தேடினர்: உடல் தானே அனுப்பும் செய்தி பயனளிக்கும்வரை நோயாளிக்குக் கால அவகாசம் தேடித் தருவது.

அவ்வழியில் தஞ்சைத் தரணியின் மைந்தர் ஒருவருக்கும் பங்குண்டு. ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டமாக முன்னர் இருந்து, இன்று மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்துள்ள கிளியனூரில் பிறந்த டாக்டர் முகமது ரேலா, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றினார். 1997-இல் பிறந்து 5 நாளே ஆன குழந்தைக்கு அவர் செய்த ஈரல் மாற்று அறுவை, கின்னஸ் நூலில் இடம்பெற்றது. 2018-இல் சென்னை குரோம்பேட்டையில் அவர் பெயரால் மருத்துவமனை அமைந்தது. திடீர் ஈரல் செயலிழப்புக்கு ஆளான குழந்தைகளுக்குத் துணை ஈரல் பொருத்தும் முறையை லண்டனில் கையாண்ட குழுவில் அவரும் ஒருவர். இம்முறையில் நோயாளியின் ஈரலை முழுதும் அகற்றுவதில்லை. ஒரு பகுதியை விட்டுவைத்து, அருகே கொடையாளியின் ஈரல் துண்டைப் பொருத்துகின்றனர். சொந்த ஈரல் மீண்டெழுந்தபின், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் படிப்படியாக நிறுத்தப்படுகின்றன. விருந்தாளியாக வந்த ஈரல் சுருங்கிப் போகிறது. வாழ்நாள் முழுதும் மருந்துக்கு அடிமையாகும் நிலையிலிருந்து குழந்தை விடுபடுகிறது.

இவ்வரலாறு நமக்கு நேரடிப் பயன் தருவது. மஞ்சள் காமாலை கண்டால் வரப்போரக் கீழாநெல்லியை அரைத்துக் குடிப்பது டெல்டா வழக்கம். காமாலை பலவும் தாமே தணிபவை. அதற்கு ஈரலின் மறுவளர்ச்சியே பெருங்காரணம். ஆனால் நோயாளியின் அறிவு தடுமாறி, உறக்க மயக்கம் தோன்றினால் அது ஈரல் செயலிழப்பின் அடையாளம். அப்போது ஒரு நாள் தாமதமும் உயிரைப் பறிக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை உடலுக்குள் சென்றிருந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் நலமாயிருப்பவர், சில நாள்களில் ஈரல் கெட்டு வீழ்வதுண்டு.

மறுவளர்ச்சிக்கும் எல்லை உண்டு. மது, ஹெபடைடிஸ் பி, உடலில் மிகும் கொழுப்பு ஆகியவை ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது வடுத்திசு பரவி, குருதி கொணரும் செய்திக்கு ஈரல் செவிசாய்க்க இயலாத நிலை வருகிறது. பிறந்தவுடன் குழந்தைக்கு இடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அந்நிலைக்குக் கொண்டுசெல்லும் வழிகளுள் ஒன்றை அடைக்கிறது. குருதியை ஈரல் படைப்பதாக இப்னு சீனா எழுதினார். ஈரலை மீண்டும் வளர்க்கும் ஆணையைக் குருதியே சுமந்து வருவதாக இன்று அறிகிறோம். அவ்வாணை பலிக்க, ஈரலில் நலமுள்ள பகுதி சிறிதேனும் எஞ்சியிருக்க வேண்டும்; அதைக் காப்பது நம் பொறுப்பு.