தந்திக்கும் காந்தத்துக்கும் இடையே

மடியில் கிடத்தி, தந்திகளை விரலால் அழுத்தாமல் எஃகுத் துண்டால் வழுக்கி வாசிக்கும் கிதார் ஹவாய்த் தீவுகளில் உருவானது. ஜோசப் கெக்குக்கு என்பவர் 1889 வாக்கில் இந்த முறையைக் கண்டறிந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் அவருக்கும் முன்பே அங்கே இப்படி வாசித்தார் என்ற கூற்றும் உண்டு. தமிழ்நாட்டுக்கு இந்த வாசிப்பு அயலானதல்ல. மெட்டுகள் இல்லாத கோட்டுவாத்தியத்தில் கருங்காலிக் கட்டையைத் தந்திமேல் ஓட்டி வாசிப்பது இதே வழிதான். திருவிடைமருதூர் சகாராம ராவ் அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். பின்னர் நாராயண ஐயங்காரும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அதில் பெரும் பெயர் பெற்றார்கள்.

இரண்டு வாத்தியங்களுக்கும் குறை ஒன்றே: நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். கட்டை ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போய்ச் சேரும்வரை ஒலி நின்றால்தான் கமகம் காதில் விழும். மின்சாரம் பூட்டிய கிதார்களில் முதலில் விற்பனைக்கு வந்தது மடிக் கிதாராக இருந்ததற்கு, அன்று ஹவாய் இசைக்கு அமெரிக்காவில் இருந்த மோகத்தோடு இந்தத் தேவையும் ஒரு காரணம். ஜார்ஜ் பூஷாம்ப் 1931-இல் வடிவமைத்து, அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து 1932-இல் விற்கத் தொடங்கிய அந்த அலுமினியக் கிதாருக்கு ‘வாணலி’ என்றே பட்டப்பெயர். காப்புரிமை 1937-இல்தான் கிடைத்தது.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் அதன் பிக்கப்பில் இரண்டு லாட காந்தங்கள் தந்திகளைச் சுற்றி வளைந்திருக்கும். கீழே செம்புக் கம்பிச் சுருள். கோவை மோட்டார்ப் பட்டறைகளில் காயில் சுற்றும் எனாமல் கம்பியின் இனம்தான் இதுவும். ஆனால் பிக்கப்புகளில் சுற்றுவது பெரும்பாலும் தலைமுடி அளவு மெல்லியது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. தந்தி காந்தத்தின் வளைவுக்குள்ளேயே ஓடுவதால் இந்தப் பிக்கப்பை ஏற்றி இறக்க இடம் குறைவு. 1936-இல் வந்த கிப்சன் ஈ.எஸ். 150 கிதாரில் பிக்கப் மூன்று திருகாணிகளில் தொங்கியது. அவற்றைத் திருகினால் தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளி மாறும்.

சில மில்லிமீட்டர் இடைவெளிதான். வாத்தியத்தின் குரலில் பெரும்பங்கு அதில் இருக்கிறது. பிக்கப்பை நெருக்கினால் சத்தம் கூடும், மீட்டும் ஓசை கூர்மையாகும். அளவு மீறினால் காந்தமே தந்தியைப் பிடித்து இழுக்கும். அதிர்வு சீக்கிரம் அடங்கும், சுருதியில் ஒரு நடுக்கம் தட்டும். நாதம் நீள்வதற்காக வைத்த கருவியே நாதத்தைக் குறைத்துவிடும். தள்ளி வைத்தால் ஒலி தெளியும், ஆனால் மெலியும். தடித்த தந்தி அதிக மின்னழுத்தம் தருவதால் மந்தரப் பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி, மெல்லிய தந்திப் பக்கத்தை உயர்த்துவது வழக்கம். சாதாரணக் கிதாரில் கடைசி மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு அளப்பார்கள். மடிக் கிதாரில் தந்தி பலகையைத் தொடுவதே இல்லை. அதனால் திறந்த தந்தியில் அளந்துவிட்டு, உச்ச ஸ்தாயியில் எஃகுத் துண்டை வைத்து ஒருமுறை கேட்டுப் பார்த்தால் போதும். பழைய வாத்தியங்களில் இன்னொன்றும் உண்டு: காலப்போக்கில் லாட காந்தம் வலுவிழக்கும். அப்போது உயரத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, காந்தத்துக்கு மறுபடி காந்தமேற்ற வேண்டும்.

இந்தியாவில் ஹவாயன் கிதார் கல்கத்தாவில் வேரூன்றியது. ஹவாய் இசைக்குழுவோடு உலகம் சுற்றிய டாவ் மோ 1940-களில் அங்கே தங்கியிருந்தார். பின்னர் பிரிஜ் பூஷண் காப்ரா இந்துஸ்தானி ராகங்களுக்கு அதைப் பழக்கினார். 1967-இல் வெளிவந்த ‘கால் ஆஃப் த வேலி’ இசைத்தட்டில் அவருடைய கிதாரைக் கேட்கலாம். தமிழ்த் திரைப்பாடல்களிலும் மெல்லிசை மேடைகளிலும் அதன் இழைவு இடம்பிடித்தது.

கர்நாடக இசையில் காந்த பிக்கப் எதிர்கொண்ட சிக்கல் வேறு. வீணையில் சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரத் தந்திகள் வழக்கமாகப் பித்தளை. பித்தளையைக் காந்தம் அறியாது. மேல் தந்திகள் கணீரென்று ஒலிக்க, கீழ்த்தந்திகள் ஊமையாகும். பிக்கப்பை எவ்வளவு உயர்த்தினாலும் இது தீராது. எஃகு நடுக்கம்பியின் மேல் சுற்றிய தந்திகளைக் கட்டுவது ஒரு வழி. மரத்தின் அதிர்வை நேராக வாங்கும் கான்டாக்ட் மைக் இன்னொரு வழி. அதற்குத் தந்தி எந்த உலோகமானாலும் ஒன்றுதான், இடைவெளியும் கணக்கில்லை. ஆனால் பலகையில் அது ஒட்டும் இடம் ஒரு விரற்கடை மாறினாலும் குரல் மாறிவிடும்.