ஊசியும் ஸ்பேனரும்

சென்ற மாதம் மகளுக்கு வாங்கிய மிதிவண்டி அட்டைப்பெட்டியில் வந்திறங்கியது. முன்சக்கரம், ஹேண்டில்பார், பெடல்கள் எல்லாம் தனித்தனியே. கடையில் கொடுத்துப் பூட்டிவிடலாம் என்றேன்; அவள் கேட்கவில்லை. கூடத்தில் அமர்ந்து தானே தொடங்கினாள். இடப்பக்கப் பெடல் மட்டும் ஏற மறுத்தது. அதன் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பது எங்களுக்கு விளங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அப்போது என் நினைவுக்கு வந்தவர் மரியா வார்டு.

மிதிவண்டி வரலாறு என்றாலே கண்டுபிடிப்பாளர்களின் வரிசைதான் சொல்லப்படுகிறது. 1885இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர். 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் டன்லப் தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்குப் பொருத்திய காற்றடைத்த டயர். ஆனால் அந்தத் தொடக்ககால டயர் சக்கர வளையத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. 1889இல் பிரான்சின் கிளெர்மாண்ட் ஃபெராண்டில், மிச்செலின் சகோதரர்களின் தொழிற்கூடத்துக்கு அப்படியொரு பஞ்சரான டயர் வந்தது. பழுதுபார்க்க மூன்று மணி நேரம். பசை காய ஓர் இரவு. 1891இல் அவர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயருக்குக் காப்புரிமை பெற்றார்கள். அவ்வாண்டே சார்லஸ் டெரோன் அந்த டயரைப் பூட்டிக்கொண்டு, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கொண்ட பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தில் வென்றார். எனக்குப் பந்தயம் பெரிதாகப் படவில்லை. பஞ்சர் என்பது வீட்டுத் திண்ணையிலேயே ஒட்டக்கூடிய ஒன்றாயிற்றே, அதுதான் பெரிது.

ஒட்டுவது யார்? வார்டு கையிலெடுத்த கேள்வி இது. 1896இல் நியூயார்க்கில் வெளிவந்த அவருடைய 'பைசைக்கிளிங் ஃபார் லேடீஸ்' நூலில் உடை, உடற்பயிற்சி பற்றியெல்லாம் உண்டு. படங்களுக்கு உதவியவர் அவருடைய ஸ்டேட்டன் தீவுத் தோழி, புகைப்படக் கலைஞர் ஆலிஸ் ஆஸ்டின். ஆனால் நூலின் உயிர், பெண்களையும் கருவிகளையும் பற்றிய அத்தியாயங்களில் இருக்கிறது. ஊசியும் கத்தரிக்கோலும் பழகிய கைக்கு ஸ்பேனர் அந்நியமாகாது என்பது அவர் வாதம். மிதிவண்டி ஓட்டினால் பெண்ணின் முகமே கோணிவிடும் என்று மருத்துவர்கள் சிலர் பயமுறுத்திக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பயத்தோடு வாதாடுவதைவிட, நட்டை எப்படி இறுக்குவது என்று சொல்லிக்கொடுப்பது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வழியில் செயின் கழன்றால் அடுத்த ஆண்துணை வரும்வரை காத்து நிற்பவளுக்கு வண்டி பாதிதான் சொந்தம்.

நம் புதுக்கோட்டையும் நினைவுக்கு வராமலில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக அம்மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி கற்றார்கள். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்களின் வண்டியிலேயே ஏறினார்கள். பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஓட்டுவது அவ்வளவு வேகமாகப் பரவிற்று. பஞ்சர் கடையின் தண்ணீர்த் தொட்டி மட்டும் இடம் மாறவில்லை. ஒரு பெண் அதன் முன் குந்தி டியூபை அமுக்கிப் பார்ப்பதையோ, சக்கரத்தில் கோட்டம் எடுப்பதையோ நான் இதுவரை கண்டதில்லை. (தமிழாசிரியன் கண்ணுக்குப் படாதவை நிறைய உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

இரண்டு வாரம் ஓட்டியபின் பின்பிரேக் கம்பி தளர்ந்துவிட்டது. புதுவண்டிக்கு இது இயல்புதானாம். நேற்றிரவு மகள் கம்பியை இழுத்துப் பிடித்து நட்டை முறுக்கினாள். நான் டார்ச் பிடித்தேன். 'கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்கப்பா' என்றாள்.